குடல் சுத்திகரிப்புக் கரைசல்கள்: அட்டையில் உள்ள அளவும் வயிற்றுக்குள் போகும் அளவும்

பெருங்குடலில் பாலிப் (குடற்சுவரில் வளரும் சிறு சதைமுளை) இருந்து அகற்றப்பட்ட காரணத்தால், சில ஆண்டு இடைவெளியில் மூன்று முறை கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள நேர்ந்தது. அதற்கு முன் குடலைக் கழுவிச் சுத்தமாக்க, மூன்று முறையும் வெவ்வேறு கரைசலைக் குடித்தேன். பரிசோதனையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அந்த நேரம் முழுவதும் மயக்க மருந்தில் உறங்கிக்கொண்டிருந்தேன். விழித்திருந்து அனுபவித்தது முந்தைய இரவைத்தான். இம்மருந்துகளை ஒப்பிடுகிறவர்கள் அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். 4 லிட்டர் என்றால் மலைப்பு, சிறு பொட்டலம் என்றால் நிம்மதி. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில் குடித்தது பாலிஎத்திலீன் கிளைக்கால், மருத்துவமனை வழக்கில் ‘பெக்’. குடல் இதை உறிஞ்சிக்கொள்வதில்லை. உடலிலிருந்து நீரை இழுக்காமலும் உடலுக்குள் நீரை விடாமலும் இருக்கும்படி, சோடியம், பொட்டாசியம் உப்புகளை அளந்து இதனுடன் சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சமநிலைக் கரைசலை அமெரிக்க மருத்துவர் ஜான் ஃபோர்ட்ரானின் குழு 1980இல் வெளியிட்டது. கழுவுவதற்கு வேண்டிய நீர் முழுவதையும் கரைசலே கொண்டுவருகிறது, உடலின் இருப்பில் கைவைப்பதில்லை. 4 லிட்டர் என்ற அளவுக்குக் காரணம் இதுதான்; சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த வகையையே எழுதிக்கொடுப்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் குடிப்பது எளிதன்று. 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு முறை 240 மி.லி. உள்ளே போக வேண்டும். முதல் மூன்று குவளைகள் வெறும் உப்புத் தண்ணீராகத்தான் இருந்தன. ஐந்தாவது குவளையிலிருந்து சுவை பொருட்டாக இல்லை, அந்த வழவழப்புத்தான் தொண்டையில் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. நன்றாகக் குளிரவைத்து, உறிஞ்சுகுழாயை நாக்கின் பின்பகுதி வரை கொண்டுபோய்க் குடித்தபோது ஓரளவு சமாளிக்க முடிந்தது. சுவைக்காகச் சர்க்கரை கலக்க எண்ணுகிறவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். சர்க்கரை சோடியத்தை உறிஞ்சவைத்து அந்தச் சமநிலையைக் கெடுக்கும். குடலின் நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். முன்பு மானிட்டால் என்ற சர்க்கரைவகையைக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்த காலத்தில், அவ்வாறு சேர்ந்த ஹைட்ரஜன், பாலிப்பை அகற்றும் மின்கருவியின் பொறிபட்டு வெடித்ததும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டுக் குடித்தும் முதல் பரிசோதனை பாதிப் பயனைத்தான் தந்தது. தவறு கரைசலுடையதன்று. மருத்துவமனையில் கொடுத்த தாளில் நான்கு லிட்டரையும் முந்தைய மாலையிலேயே முடிக்கும்படி எழுதியிருந்தது; பரிசோதனையோ மறுநாள் நண்பகலில். இடைப்பட்ட நேரத்தில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீரும் சளியும் வலப்பக்கப் பெருங்குடலில் பசைபோலப் படிந்துவிடுகின்றன. தட்டையான பாலிப்புகள் மறைந்துகொள்ளும் இடமும் அதுவே. அறிக்கையில் ‘வலப்பக்கம் தெளிவாக இல்லை’ என்ற ஒரு வரியைப் பார்த்தபோது, அந்த ஐந்தாவது குவளை மீண்டும் தொண்டைக்கு வந்ததுபோல் இருந்தது. மருந்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மாலையிலும் மறுபாதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிப்பதே இன்று ஏற்கப்பட்ட முறை. எந்தக் கரைசலாக இருந்தாலும் இது பொருந்தும். உங்களிடம் தரப்படும் தாளில் அப்படி இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் முறை, சிறு பொட்டலத்துக்கு ஆசைப்பட்டுச் சோடியம் பிகோசல்பேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் கலந்த பொடியைக் கேட்டு வாங்கினேன். 150 மி.லி. நீரில் கொட்டிக் கலக்கியதும் கோப்பை கையில் சுட்டது. மெக்னீசியம் ஆக்சைடும் சிட்ரிக் அமிலமும் சேரும்போது எழும் சூடு அது. ஆறவிட்டுக் குடிக்க வேண்டும். சுவையைப் பொறுத்தவரை இதற்கு இணையில்லை, ஆரஞ்சுப் பானம் என்றே சொல்லலாம். பிகோசல்பேட்டைப் பெருங்குடலின் நுண்ணுயிரிகள் மாற்றியமைத்த பிறகுதான் அது வேலை செய்யும். அது குடலை முடுக்க, மெக்னீசியம் சிட்ரேட் நீரை உள்ளே இழுக்கிறது. அந்த நீர் நம் உடலிலிருந்துதான் வருகிறது. இழந்ததை ஈடுகட்ட இரு தவணைகளிலுமாக ஏறத்தாழ 2 லிட்டர் தெளிந்த பானம் குடிக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. கோப்பை முடிந்த மகிழ்ச்சியில் நான் மூன்று குவளை வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். நள்ளிரவில் கெண்டைக்காலில் பிடிப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல். வெறும் தண்ணீரை மட்டுமே நம்பினால் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும், உப்புச்சத்துள்ள பானமும் கலந்திருக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மெக்னீசியம் உடலில் தேங்கும் ஆபத்து உண்டு என்பதால், அவர்கள் சுவையைக் கேட்டு இதை விரும்பக்கூடாது.

சல்பேட் உப்புக் கரைசலை நான் குடித்ததில்லை, என் அக்கா குடித்தார். இரண்டே சிறு புட்டிகள். ஒவ்வொன்றையும் நீர்விட்டு ஏறக்குறைய அரை லிட்டராக்கிக் குடித்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் அதைப்போல் இரு மடங்கு நீரையும் குடிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 2.8 லிட்டர் ஆகிறது. ‘மருந்தை விட அதற்குப் பிறகு குடித்த தண்ணீர்தான் என்னை வதைத்தது’ என்றார் அக்கா. சல்பேட் உப்புகளை மாத்திரை வடிவில் தரும், அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற சுடாப் மாத்திரைகளும் இதே கணக்கில் அடங்குகின்றன. தவணைக்கு 12 வீதம் 24 மாத்திரைகள், அவற்றோடு குடிக்கும் நீரும் பிறகு குடிக்கும் நீருமாக அதே 2.8 லிட்டர். சுவையிலிருந்து தப்பலாம், நீரிலிருந்து தப்ப முடியாது.

சோடியம் பாஸ்பேட் கரைசலை யாராவது பழைய நினைவில் பரிந்துரைத்தால் ஒதுக்கிவிடலாம். பாஸ்பேட் படிகங்கள் சிறுநீரகத்தில் படிந்து நிரந்தரச் சேதம் விளைந்த நிகழ்வுகளால், 2008 இறுதியில் அமெரிக்காவில் மருந்துச்சீட்டின்றி விற்ற புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.

மூன்றாம் முறை எனக்குக் கிடைத்தது அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) சேர்த்த 2 லிட்டர் பெக். மாலையில் 1 லிட்டர், விடியுமுன் 1 லிட்டர், ஒவ்வொன்றுக்கும் பிறகு அரை லிட்டர் தெளிந்த பானம் என்று மொத்தம் 3 லிட்டர். இரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு உள்ளவர்கள் அஸ்கார்பிக் அமிலத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். எலுமிச்சைச் சுவையில் உப்பு உறைத்தது, வழவழப்பும் இருந்தது, ஆனால் குமட்டல் தொடங்கும் முன்பே ஒவ்வொரு தவணையும் தீர்ந்துவிட்டது. விடிகாலை 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். ஆறு மணிக்குக் கழிவறையில் பார்த்தது இளமஞ்சள் நிறத் தெளிநீர், அடியில் துகள் எதுவும் இல்லை. குடல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை மதிப்பிடும் பாஸ்டன் அளவுகோலில் குடலின் மூன்று பகுதிகளுக்கும் தலா 3 வீதம் 9 மதிப்பெண் வரை தருவார்கள்; எனக்கு 8 கிடைத்தது. இம்முறை வலப்பக்கத்துக்கு முழு மூன்றும் வந்திருந்தது. அடுத்த முறையும் இதையே கேட்டு வாங்குவேன், அலாரத்தை மட்டும் இன்னும் அரை மணி முன்னதாக வைப்பேன்.