அக்ரிலிக் வண்ணம்: பல வருஷப் பழக்கத்தில் புரிந்தவை

புதிதாக அக்ரிலிக் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த பிராண்ட் நல்லது என்றுதான். பல வருஷமாக இதிலேயே வரைகிற எனக்கு, பிராண்டைவிட இந்த வண்ணம் காய்கிற விதம்தான் முக்கியமாகப் படுகிறது. அது பிடிபட்டால் மற்றதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

டியூபுக்குள் இருப்பது நிறமி, தண்ணீர், அந்தத் தண்ணீரில் பரவிக் கிடக்கும் அக்ரிலிக் பாலிமர் துகள்கள். தண்ணீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் படலமாகிவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கரையாது. வாட்டர்கலரைப்போல ஈரத் தூரிகையால் தொட்டு இளக்க முடியாது. ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான். அடியில் இருக்கும் அடுக்கு கலங்காது என்பதால் அடுத்ததை தைரியமாக மேலே போடலாம். மெல்லிய நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும் கிளேஸிங், எண்ணெய் வண்ணத்தில் நாள்கணக்கில் காத்திருந்து செய்கிற வேலை. இதில் ஒரே மாலையில் நாலைந்து பூச்சு போட்டுவிடலாம்.

ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்புவது, காய்ந்ததும் நிறம் ஒரு படி அடர்ந்துவிடுவது. ஈரமாக இருக்கும்வரை பாலிமர் பால்போல வெளுத்திருக்கும், காய்ந்தால் தெளிந்துவிடும். அந்த வெளுப்பு போனதும் நிறமியின் முழு அடர்த்தி வெளியே தெரிகிறது. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேர்த்துக் கலக்கும் அடர் சாம்பலில் இதை நன்றாகப் பார்க்கலாம். முந்தின நாள் போட்ட வானத்தில் ஒரு மூலையை மட்டும் திருத்த வேண்டும் என்றால், தட்டில் கொஞ்சம் வெளிறித் தெரிகிற கலவைதான் கடைசியில் பொருந்தும். துண்டுத் தாளில் தடவி, காயவிட்டு, ஓவியத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் நான் கேன்வாஸைத் தொடுவேன்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கேன்வாஸில் தண்ணீராகக் கரைத்துப் பூசினால் நிறமியைப் பிடித்துவைக்கப் பாலிமர் போதாமல், காய்ந்த பின்னும் ஈரத்துணியில் நிறம் வந்துவிடும். அதிகம் நீர்க்க வேண்டுமானால் அக்ரிலிக் மீடியம் சேர்ப்பது நல்லது. அதுவும் பாலிமர்தான், நிறமி மட்டும் இருக்காது. நன்றாக உறிஞ்சும் தாளில் நீர்த்த பூச்சு அவ்வளவு பிரச்சினை இல்லை.

சரி, எதை வாங்குவது? மாணவர் தரத்தில் நிறமி குறைவாகவும் நிரப்புப் பொருள் கூடுதலாகவும் இருக்கும். கலைஞர் தரத்தில் நிறமி அதிகம், விலையும் அதிகம். பெரிய பெட்டி செட்டைவிட, கலைஞர் தரத்தில் ஆறேழு டியூப் போதும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குமுன் டியூபின் பின்பக்கத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பிபி 29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பிடபிள்யூ 6 என்றால் டைட்டேனியம் வெள்ளை. ஒரே ஒரு குறியீடு இருந்தால் அது ஒற்றை நிறமி, கலக்கும்போது சுத்தமாக வரும். மூன்று நிறமி கலந்த டியூபை இன்னொன்றோடு சேர்த்தால் சீக்கிரம் சேறாகிவிடும். காட்மியம் சிவப்பு என்ற பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று போட்டிருந்தால் உள்ளே காட்மியம் இல்லை, வேறு நிறமியில் அதே சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தாலோ நீலம் வாங்கினால் தூரிகை நுனியளவு எடுத்துத் தொடங்குங்கள், கலவை மொத்தத்தையும் அதுவே விழுங்கிவிடும்.

தட்டில் வண்ணம் சீக்கிரம் இறுகும். ஈரமான ஸ்பாஞ்சின்மேல் கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் தாளை விரித்து, அதன்மேல் வண்ணத்தை வைத்து மூடிவிட்டால் மறுநாளும் வேலை செய்யலாம். தூரிகையை வண்ணத்தோடு வெளியே விடவே கூடாது, மயிரைப் பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் வண்ணம் காய்ந்துவிட்டால் நுனி மறுபடி குவியாது.

அடித்தளம் எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு பூசிய கேன்வாஸில் வண்ணம் நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக் போடக் கூடாது, நாளடைவில் உரியும். காய்ந்த அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் வண்ணம் போடலாம்.

முடித்த ஓவியங்களை வைக்கும் விதத்துக்கும் அதே படலம்தான் காரணம். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும், ஆனால் கனமாகப் பூசிய இடங்கள் உள்வரை இறுக வாரங்கள் ஆகும். வார்னிஷுக்கு அதுவரை பொறுக்க வேண்டும். இறுகிய பிறகும் படலம் வெப்பத்தில் இளகும் என்பதால் இரண்டு ஓவியங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். நான் நிமிர்த்தி, இடைவெளி விட்டே வைக்கிறேன். சுருட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான குழாயில், நடுவே சிலிகான் பூசிய தாள் வைத்துச் சுருட்டுவேன். குளிரில் படலம் விறைத்து வெடிக்கும் என்பதால் அந்த நாள்களில் சுருட்டுவதே இல்லை.