பிஎஸ் 6 டீசல் வேனும் அணையாத எச்சரிக்கை விளக்கும்: 1,28,000 கிலோமீட்டர் அனுபவம்

2021 மார்ச்சில் வாங்கிய எங்கள் டீசல் வேன், பல்லடத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பனியன் கம்பெனித் தொழிலாளர்களைத் திருப்பூருக்கு ஏற்றிச் செல்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழனிக்கோ ஊட்டிக்கோ வாடகைக்குப் போகும். முதல் 46,000 கிலோமீட்டர் வரை எந்தக் குறையும் இல்லை. 2022 நவம்பரில் டேஷ்போர்டில் துகள் வடிகட்டியின் விளக்கு முதல்முறை எரிந்தது. அன்றிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக அந்த விளக்கோடு நாங்கள் பட்ட பாட்டை, இதே வகை வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6) புகை மாசு விதிகளுக்காக எங்கள் வண்டியின் சைலன்சர் வரிசையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. டிபிஎஃப் எனப்படும் வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிரம்பும் நேரத்தில் ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துக்கொள்கிறது. அதற்கடுத்த எஸ்சிஆர் பகுதியில், டெஃப் என்று நாம் ஊற்றும் யூரியாக் கரைசல் அமோனியாவாகப் பிரிந்து, நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது.

விளக்கு எரிந்ததும் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். வந்த குறியீடு பி2463, அதாவது வடிகட்டியில் கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்பது. கருவி மூலம் கட்டாயமாக எரியவைத்து, வண்டியை நின்று நின்று ஓட்டுவதுதான் காரணம் என்று சொல்லி அனுப்பினார்கள். நியாயமான விளக்கமாகத்தான் தோன்றியது, ஏனென்றால் எங்கள் வண்டி ஊருக்கு ஊர் நின்று, ஆள் வரும்வரை இன்ஜின் ஓடியபடியே காத்திருக்கும். சூடு ஏறி எரிப்புத் தொடங்கும் நேரத்தில் கம்பெனி வாசல் வந்துவிட, டிரைவர் சாவியைத் திருப்பிவிடுவார். ஐடில் வேகம் சற்றே உயர்ந்து, ரேடியேட்டர் ஃபேன் விடாமல் சுற்றி, கருகல் வாசனை வந்தால் எரிப்பு நடக்கிறது, அப்போது அணைக்கக் கூடாது என்பதை அதன்பிறகே கற்றுக்கொண்டோம். இப்படிப் பாதியில் நிற்கும்போதெல்லாம், எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. எங்கள் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றதற்குக் காரணம் அதுதான்.

பழக்கத்தை மாற்றியும் விளக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை திரும்ப வந்தது. பழனிக்குப் போய் நல்ல வேகத்தில் ஓடித் திரும்பிய இரண்டாம் நாளே ஒருமுறை எரிந்தபோதுதான், ஓட்டும் முறை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று எனக்கு உறுதியாயிற்று. இதற்கிடையே பி20இஇ என்ற இன்னொரு குறியீடும் சேர்ந்துகொண்டது. எஸ்சிஆரின் சுத்திகரிப்புத் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் பின்பக்க நாக்ஸ் சென்சாரை மாற்றினார்கள். செலவு இருபதாயிரத்தைத் தாண்டியது, ஆனால் ஒன்றரை மாதத்தில் அதே குறியீடு மறுபடியும் வந்தது.

2024 தொடக்கத்தில் பல்லடத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன் டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்டார்: “லைட் எரியறதுக்கு முன்னாடியே இழுவை குறைஞ்சுதா தம்பி, இல்ல எரிஞ்ச பின்னாடியா?”

“முன்னாடியேதானுங்கண்ணா. மேடு ஏறுறப்ப ஒரு கியர் இறக்கித்தான் ஓட்டிட்டிருந்தேனுங்க.”

ஓராண்டாக யாரும் கேட்காத கேள்வி அது. வடிகட்டி அடைத்ததால் இழுவை குறைந்தது என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். உண்மையில் இழுவையைக் குறைத்த ஏதோ ஒன்றுதான் வடிகட்டியையும் அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் அவர், இன்ஜின் ஓடாதபோது வடிகட்டியின் அழுத்த வேறுபாட்டு சென்சார் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது, ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை. பிறகு ஆள் ஏற்றிய வண்டியை மேட்டில் ஓட்டச் சொல்லி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவிடம் கேட்கப்படும் அழுத்தத்தையும் அது உண்மையில் தரும் அழுத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் இடையே தெளிவான இடைவெளி இருந்தது.

காற்றுப் பாதையில் புகையைச் செலுத்தினார். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் கடித்த இடத்திலிருந்து ஒரு நூல் போலப் புகை கசிந்தது. கழற்றிப் பார்த்தபோது வெளியே ஆயிலும் புழுதியும் சேர்ந்து கருப்பாகப் படிந்திருந்ததே தவிர வெடிப்புத் தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தி வளைத்தபோதுதான் ஏறக்குறைய இரண்டு அங்குல நீளத்துக்கு அது வாய் திறந்தது. வண்டி நிற்கும்போது மூடிக்கொள்ளும், பாரத்தில் அழுத்தம் ஏறினால் திறக்கும். காற்று அளவு சென்சார் கணக்கெடுத்த காற்றில் ஒரு பகுதி இன்ஜினுக்குள் போகாமல் வெளியேற, டீசலோ முழுக் காற்றுக்குரிய கணக்கிலேயே தெளிக்கப்பட, சரியாக எரியாத டீசல் கரியாக மாறி வடிகட்டியில் சேர்ந்திருக்கிறது.

பி20இஇ-க்குக் காரணம் வேறு. டெஃப் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா இருக்க வேண்டும், மீதி கனிமம் நீக்கிய நீர். மெக்கானிக் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து கரைசலின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டபோது அது 26 காட்டியது. விலை குறைவு என்று நாங்கள் சில்லறையாக வாங்கி ஊற்றியது நீர்த்த சரக்கு. முன்னும் பின்னும் இருக்கும் நாக்ஸ் சென்சார்களின் அளவை ஒப்பிட்டு இன்ஜின் கணினி சரியாகத்தான் குறை சொன்னது. நாங்கள்தான் செய்தி சொன்ன சென்சாரை மாற்றிக்கொண்டிருந்தோம். தொட்டியைக் காலிசெய்து, டெஃப் தெளிக்கும் ஊசி முனையில் உப்புப் போல வெள்ளையாக உறைந்திருந்த யூரியாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, மூடி முத்திரையுள்ள கேன் ஊற்றினோம். கேன்களை இப்போது தகரக் கொட்டகையில் வைப்பதில்லை, 30 டிகிரிக்கு மேல் நாள்பட இருந்தால் கரைசல் கெடும்.

இடையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வடிகட்டியை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அப்படிப்பட்ட மாற்றத்தை அனுமதிப்பதில்லை. அதைவிட, தினமும் காலையில் அந்த சைலன்சருக்குப் பின்னால் நின்று வண்டி ஏறுகிற பெண்களின் முகம் எனக்குத் தெரியும். மறுத்துவிட்டேன். புகைச் சான்றிதழை நம்பியும் இருந்துவிடக் கூடாது: டீசலுக்கான அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது, நாக்ஸை அளப்பதில்லை. பி20இஇ எரிந்துகொண்டிருந்த நாட்களிலும் எங்கள் வண்டி அதில் தேறியது.

ஹோஸ் மாற்றியது 78,000 கிலோமீட்டரில். அதற்கு முன் 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை நடந்த எரிப்பு, இப்போது 500-க்குக் குறையாமல் தள்ளிப்போகிறது. டிரைவர் ஒவ்வொரு எரிப்பையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறார். ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எவ்வளவு சூட்டிலும் எரியாது, வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்பதால், சாம்பல் குறைந்த ஆயில் மட்டுமே ஊற்றுகிறோம். கடந்த இரண்டு மாதக் குறிப்புகளில் இடைவெளி 520-லிருந்து 500-க்கு மெல்ல இறங்கியிருக்கிறது. 400-ஐ எட்டினால், ஹோஸ்களை மறுபடி புகை விட்டுப் பார்த்த பிறகே வடிகட்டியைக் கழற்றுவதாக இருக்கிறோம்.