ஆறு வடக்கே, அலுவலகம் தெற்கே: ஈடன் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் அனுபவம்

கிராமப்புற இங்கிலாந்துக்குக் குடிபெயரலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், குளிர் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்தக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்), அதன் அலுவலகம் எந்த ஊரில், இடையில் எத்தனை மலை என்று யாரும் கேட்பதில்லை. கம்ப்ரியாவின் ஈடன் பள்ளத்தாக்கில், ஆப்பிள்பி பக்கத்தில் ஒரு கிராமத்தில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே அன்றாட வாழ்க்கையில் பாதி அந்தக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது. மாவட்டக் கவுன்சில் இருந்த காலத்தையும் பார்த்துவிட்டேன், அது கலைக்கப்பட்ட பிறகான காலத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நிலம். மேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள், கிழக்கே பென்னைன் மலைத்தொடர். நடுவே சிவப்பு மணற்கல் வீடுகள், சாந்து இல்லாமல் அடுக்கிய கல்வேலிகள், ஆட்டு மேய்ச்சல் என்று நீண்டு கிடக்கிறது பள்ளத்தாக்கு. ஈடன் ஆறு தெற்கில் மாலர்ஸ்டாங் மேட்டில் பிறந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. கர்க்பி ஸ்டீபன், ஆப்பிள்பி, லாங்வத்பி, ஆர்மத்வெய்ட் ஊர்களைத் தொட்டு கார்லைல் வழியாகப் போய் சால்வே கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. பென்னைன்களிலேயே உயரமான கிராஸ் ஃபெல் (893 மீட்டர்) எங்கள் கிழக்கு எல்லையில் நிற்கிறது. அதன் சரிவில் வடகிழக்கிலிருந்து இறங்கும் ஹெல்ம் காற்றுக்குப் பிரிட்டனில் தனிச்சிறப்பு உண்டு: அந்நாட்டில் சொந்தப் பெயர் பெற்ற ஒரே காற்று அதுதான். மலை உச்சியில் தொப்பி போல ஒரு மேகம் உட்கார்ந்துவிட்டால் டஃப்டன், மில்பர்ன், மெல்மர்பி போன்ற அடிவாரக் கிராமங்களில் காற்று உறுமத் தொடங்கும். 1930களில் கோர்டன் மேன்லி என்ற வானிலை ஆய்வாளர் பக்கத்து கிரேட் டன் ஃபெல் மலையில் குடிசை போட்டு இதை அளந்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் இங்கே ஜன்னல்கள் எந்தத் திசை பார்க்கின்றன என்று கவனிக்க வேண்டும். கிழக்குப் பக்கம் சின்ன ஜன்னல்களாக வைத்துக் கட்டிய பழைய வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இந்த நிலத்தில்தான் 1974 ஏப்ரல் 1 அன்று ஈடன் மாவட்டம் உருவானது. கம்பர்லாந்து கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது மாவட்டங்களுக்கு மேலான நிர்வாகப் பகுதி) பென்ரித், ஆல்ஸ்டன் பகுதிகளையும், வெஸ்ட்மோர்லாந்து கவுண்டியிலிருந்து ஆப்பிள்பியையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துச் சேர்த்தார்கள். இரண்டு பழைய கவுண்டிகளும் அன்றைக்கே நிர்வாக வரைபடத்திலிருந்து மறைந்தன. வெஸ்ட்மோர்லாந்தின் தலைநகராக இருந்த ஆப்பிள்பி அந்தப் பெயரை விட மனமில்லாமல் தன் பெயரையே ஆப்பிள்பி-இன்-வெஸ்ட்மோர்லாந்து என்று மாற்றிக்கொண்டது. சுமார் 3,000 பேர் வாழும் ஊர் அது. நான் அங்கே கடைக்குப் போகும்போதெல்லாம் ஊர்ப் பலகையை மரியாதையோடு பார்ப்பதுண்டு.

பரப்பில் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல், மக்கள் தொகை 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 55,000. சதுர கிலோமீட்டருக்கு 25 பேர் அளவில், இங்கிலாந்திலேயே மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த மாவட்டமாக ஈடன் இருந்தது. உள்ளாட்சியை நினைக்கும்போது இந்த எண்ணை மறக்கக் கூடாது. குப்பை வண்டி ஒரு தெருவில் நூறு வீடுகளை முடிக்கும் நேரத்தில் இங்கே நாலு பண்ணை வீடுகளுக்குத்தான் போய்வர முடியும். ஒரு பள்ளிப் பேருந்து, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஒரு லாரி, வயதானவர் வீட்டுக்கு வரும் ஒரு பராமரிப்பாளர், எல்லோருக்கும் இதே கணக்குதான்.

2023 வரை எங்களுக்கு இரண்டடுக்கு ஆட்சி. பள்ளி, நூலகம், முதியோர் நலம், சாலை எல்லாம் கம்ப்ரியா கவுண்டி கவுன்சில். குப்பை அள்ளுவது, வீட்டுவசதி, கட்டட அனுமதி, கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரி வசூல் எல்லாம் ஈடன் மாவட்டக் கவுன்சில். அதிலும் அள்ளுவது மாவட்டம், அள்ளிய குப்பையை ஒழிப்பது கவுண்டி. புதிதாக வருகிறவர்களுக்கு இது தலை சுற்றும், எனக்கும் முதல் வருடம் பழகவே போய்விட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாவட்டக் கவுன்சில் பென்ரித்தில் இருந்தது. சந்தைக்கு வந்த விவசாயி அப்படியே டவுன் ஹாலில் நுழைந்து தன் களஞ்சியத்தை வீடாக மாற்ற அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போக முடிந்தது. கவுன்சிலர்கள் அதே சந்தையில் நிற்பவர்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு கம்ப்ரியா கவுண்டியையும் அதன் ஆறு மாவட்டங்களையும் கலைத்துவிட்டு, எல்லா வேலையையும் பார்க்கும் இரண்டு ஒற்றை அடுக்குக் கவுன்சில்களை அமைக்கப்போவதாக அறிவித்தது. கவுண்டி கவுன்சில் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, பலிக்கவில்லை. 2022 மேயில் புதிய கவுன்சில்களுக்குத் தேர்தல், 2023 ஏப்ரல் 1 முதல் ஆட்சி. கார்லைல் இருக்கும் பக்கம் கம்பர்லாந்து கவுன்சில் ஆனது. ஈடன், சவுத் லேக்லாந்து, பாரோ மாவட்டங்கள் மூன்றும் சேர்ந்து எங்கள் வெஸ்ட்மோர்லாந்து அண்ட் ஃபர்னஸ் ஆனது. 65 உறுப்பினர்கள், தலைமையகம் கெண்டலில். 49 வருடம் கழித்து வெஸ்ட்மோர்லாந்து என்ற பெயர் ஆட்சிக்குத் திரும்பியதில் ஆப்பிள்பிக்காரர்களுக்கு உண்மையான மகிழ்ச்சி. எனக்கும்தான்.

நன்மை என்ன? ஒரே தொலைபேசி எண், ஒரே இணையதளம். சாலைக் குழியா, குப்பையா, பாட்டிக்குப் பராமரிப்பா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நிலம் என்னவோ அப்படியே இருக்கிறது. எங்கள் கிராமத்திலிருந்து கெண்டல் போக ஷாப் மேட்டைத் தாண்ட வேண்டும். பனிக்காலத்தில் எம்6 நெடுஞ்சாலையே திணறும் மேடு அது. இன்னொரு கோடியில் இருப்பது பாரோ, கடற்படைக்கு நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தொழில் நகரம். ஆல்ஸ்டனிலிருந்து பாரோவுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு ஊரின் தேவைகளும் ஒரே பட்ஜெட்டில். ஈடனுக்கென ஒரு வட்டாரக் குழு இருப்பது கொஞ்சம் ஆறுதல், ஆனால் பெரிய முடிவுகள் ஷாப்புக்குத் தெற்கேதான் எடுக்கப்படுகின்றன.

எனக்கு உறுத்தும் விஷயம் இதுதான்: எங்கள் ஆறு வடக்கே ஓடுகிறது, பெரிய ஆஸ்பத்திரி வடக்கே கார்லைலில், எங்கள் மருத்துவ நிர்வாகமும் வடக்குக் கம்ப்ரியாவோடு. கவுன்சில் மட்டும் தெற்கே. எங்கள் வீட்டில் ஒருவர் கார்லைலில் வேலை பார்ப்பதால் தினமும் கவுன்சில் எல்லை தாண்டிப் போய்வருகிறோம். முதியவர் ஒருவர் கார்லைல் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டியது இன்னொரு கவுன்சிலின் சமூகநலத் துறை. இரு தரப்பிலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் எல்லைக்கோடு அப்படிப் போகும்போது கூடுதலாக ஒரு போன், கூடுதலாக ஒரு படிவம்.

ஆல்ஸ்டன் நிலைமை இன்னும் சிக்கல். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் தண்ணீர் ஈடனில் சேர்வதே இல்லை. சவுத் டைன் ஆறாக ஓடி நியூகாசில் பக்கம் போகிறது. தொலைபேசிக் குறியீடு பக்கத்துக் கவுண்டியான நார்தம்பர்லாந்தின் ஹெக்ஸம் ஊருடையது, தேவாலயம் நியூகாசில் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கவுன்சில் மட்டும் இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே 580 மீட்டர் உயரத்தில் ஹார்ட்சைட் கணவாய். பனி விழுந்து அந்தச் சாலை அடைபட்ட நாளில் ஆல்ஸ்டன்வாசிகளுக்குத் தங்கள் கவுன்சிலை விடப் பக்கத்துக் கவுண்டிதான் கிட்டத்தில்.

கட்டட அனுமதி இங்கே தனிக்கதை. அல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கம் லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா. அங்கே கட்டட அனுமதி தருவது பூங்கா ஆணையம், கவுன்சில் இல்லை. 2016 ஆகஸ்ட் 1 அன்று யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவும் வடக்கே நீட்டிக்கப்பட்டது. ஆர்ட்டன், மாலர்ஸ்டாங் பகுதிகள் அதற்குள் போயின. ஆக, வெஸ்ட்மோர்லாந்துக் கிராமத்தில் இருந்துகொண்டு யார்க்‌ஷயர் பெயர் தாங்கிய ஆணையத்திடம் கொட்டகை கட்ட அனுமதி கேட்கிறார்கள். ஒரே பள்ளத்தாக்கில் மூன்று அனுமதி அமைப்புகள். பூங்காவுக்குள் விதிகள் கடுமை, கூரைக் கல்லின் நிறம் வரைக்கும் கேட்பார்கள். அந்தக் கடுமை எனக்குப் பிடிக்கும், அதனால்தான் இந்த இடம் இன்னும் இப்படி இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்காமல் போவதும் அதே கடுமையின் மறுபக்கம்.

அப்புறம் பாரிஷ். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. பாரிஷ் கவுன்சில் என்பது கிராம அளவிலான கடைசி அடுக்கு. சம்பளம் இல்லாத உறுப்பினர்கள், பகுதி நேரத்துக்கு ஒரு எழுத்தர். வாக்காளர்கள் மிகக் குறைந்த கிராமங்களில் கவுன்சிலும் இருக்காது, ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடிப் பேசும் பாரிஷ் கூட்டம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு பாரிஷிலும் மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் வருடாந்தரக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஊர் மண்டபத்தில் அந்தக் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். பெஞ்சுக்கு வர்ணம், அடைத்துக்கொண்ட வடிகால், உப்புப் பெட்டி எங்கே வைப்பது, பேருந்து நிறுத்தம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் மறுநாள் ஒரே கல்வேலியின் இரு பக்கமும் நிற்பவர்கள், அதனால் சொன்ன வேலை நடக்கிறது. புதிதாக வந்தவன் என்று என்னை யாரும் ஒதுக்கியதில்லை. ஆள் கிடைக்காத பாரிஷ்களில் போட்டியின்றி உறுப்பினராகவும் ஆகலாம்.

இந்தச் சின்ன அடுக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு பெரிய சான்று எங்கள் பகுதியிலேயே இருக்கிறது. 2011 சட்டம் ஊர்மக்களே தங்கள் பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் தீட்ட வழி செய்தது. கர்க்பி ஸ்டீபனைச் சுற்றிய 17 பாரிஷ்கள் சேர்ந்து அப்பர் ஈடன் திட்டத்தை எழுதின. 2013 மார்ச் 7 அன்று அதற்கு வாக்கெடுப்பு நடந்தது, வாக்களித்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. இங்கிலாந்திலேயே வாக்கெடுப்பைச் சந்தித்த முதல் திட்டம் அதுதான். பண்ணைக்காரரின் மகனோ மகளோ அதே மண்ணில் வீடு கட்டிக்கொள்ள வழி வேண்டும் என்பது அதன் மையமான அக்கறைகளில் ஒன்று. லண்டன் நிபுணர்கள் யாரும் எழுதித் தந்ததல்ல, இதே மண்டபங்களில் இரவு நேரக் கூட்டங்களில் உருவானது.

வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வந்தபோது ஆப்பிள்பியில் ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அல்ஸ்வாட்டர் கரையில் கிளென்ரிடிங் சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை மூழ்கியது. பூலி பிரிட்ஜில் 18ஆம் நூற்றாண்டுக் கல்பாலம் இடிந்து போனது. சில மாதத்தில் தற்காலிகப் பாலம் வந்தது, 2020 அக்டோபரில் துருப்பிடிக்காத எஃகில் புதுப் பாலம் திறந்தார்கள். அதே மழைக்காலத்தில் ஆர்மத்வெய்ட் அருகே ஈடன் கரை சரிந்து செட்டில்–கார்லைல் ரயில் பாதை தடைபட்டது, முழுப் பாதை மறுபடி திறக்க 2017 மார்ச் 31 ஆனது. அப்போது பொறுப்பு எப்படிப் பிரிந்திருந்தது என்று பாருங்கள்: பெரிய ஆறு என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு, சாலையும் பாலமும் கவுண்டி, வீடிழந்தவருக்குத் தங்குமிடம் மாவட்டம், சாக்கடை தண்ணீர்க் கம்பெனி. இன்று கவுண்டியும் மாவட்டமும் ஒன்றானது இந்த விஷயத்தில் தெளிவான லாபம். ஆனால் மேலே நாங்கள் நிலத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பது கீழே கார்லைலின் வெள்ளத்தைப் பாதிக்கும், கார்லைலோ இப்போது கம்பர்லாந்து கவுன்சிலில். ஆற்றின் மேல்பாதி ஒரு கவுன்சில், கீழ்பாதி இன்னொன்று. எல்லை போட்டவர்கள் ஆற்றையும் கூட உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கார் இல்லாமல் கஷ்டம். தன்னார்வலர்கள் ஓட்டும் ஃபெல்ரன்னர் சிற்றுந்து பல கிராமங்களைப் பென்ரித்தோடு இணைக்கிறது, அந்த ஓட்டுநர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 1980களில் மூடப்பட இருந்து 1989இல் மக்கள் போராடிக் காப்பாற்றிய செட்டில்–கார்லைல் ரயிலும் இருக்கிறது. பென்ரித்திலிருந்து லண்டனுக்கு நேரடி ரயில் உண்டு.

கவுன்சில் டாக்ஸ் இன்றும் 1991 ஏப்ரல் வீட்டு மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரையான பிரிவுகளில்தான். பில்லில் கவுன்சிலுக்கும் போலீசுக்கும் போகும் தொகைக்குக் கீழே பாரிஷுக்கென ஒரு சின்னத் தொகை தனி வரியில் இருக்கும். நான் மனமார மிகவும் விரும்பிக் கட்டும் வரி அதுதான். 2025 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு இரட்டிப்பு வரி. ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் குளிர்காலத்தில் விளக்கு எரியாத வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவே படும்.

இங்கே வீடு பார்க்கிறவர்களுக்கு என் ஆலோசனை: விலையைப் பேசும் முன்பு, கட்டட அனுமதி யார் கையில் என்று பாருங்கள், கவுன்சிலா, இரு பூங்காக்களில் ஒன்றா. அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் அந்த அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள். அப்புறம் அந்தப் பாரிஷின் கடைசி ஒரு வருடக் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள், பெரும்பாலான பாரிஷ்கள் இணையத்தில் போட்டுவிடுகின்றன. எந்தச் சாலை பனியில் அடைபடும், எந்த ஓடை பொங்கும், பள்ளியில் எத்தனை பிள்ளைகள் மீதம், யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். குறிப்பு கிடைக்காவிட்டால் எழுத்தருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், எங்கள் பக்கத்தில் பதில் வந்துவிடும்.