மதுரை வெயிலில் பராமரித்த மலையேற்றச் சாமான்கள்: பல வருட அனுபவம்

இமயமலைக்குக் கோடையில் ட்ரெக்கிங் போக என்னென்ன வாங்க வேண்டும் என்று மதுரை நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கடையில் பார்க்கும்போது எல்லாச் சாமானும் நன்றாகத்தான் இருக்கும். ஷூ, மழைக்கோட்டு, முதுகுப்பை, ஊன்றுகோல், ஸ்லீப்பிங் பேக் என்று எல்லாவற்றையும் வருடக்கணக்கில் வைத்துப் பயன்படுத்தியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இவை மலையில் இருப்பது வருடத்துக்குப் பத்துப் பதினைந்து நாள். மற்ற நாளெல்லாம் நம் வீட்டுப் பரணிலும் பீரோவிலும் கிடக்கின்றன. பனி கெடுப்பதைவிட நம்மூர் வெக்கை கெடுப்பதுதான் அதிகம்.

முதலில் ஷூ. என்னுடையது கணுக்கால் வரை ஏறும் வகை. தோல் சுருங்கி, நிறம் மங்கி, கயிறும் மாற்றியாயிற்று. ஆனால் அடிப்பாகம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. அதே சமயத்தில் நண்பர் ஒருவர் வாங்கிய ஜோடி என்னுடையதைவிட விலை கூடியது. ஒரு பயணம் முடிந்ததும் பெட்டியில் போட்டு, மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணில் வைத்துவிட்டார். சில கோடைகள் கழித்து எடுத்தபோது பார்ப்பதற்குப் புத்தம் புதிது. போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடப்பதற்குள் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனோம். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். உள்ளிருந்து மஞ்சளாகத் தூள் கொட்டியது. “பரண்ல போட்டு வச்சீகளா தம்பி? உள்ள மாவாப் போச்சு. இதுல பசை தடவுனா நிக்காது” என்றார்.

காரணம் இதுதான். இந்த வகை ஷூக்கள் பலவற்றில் அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற மெத்தென்ற அடுக்கு இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். அதனால் நான் ஷூவைப் பெட்டியில் அடைப்பதில்லை. ஊர் திரும்பியதும் சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நிழலில் காயவைப்பேன். பிறகு கட்டிலுக்கு அடியில், குளிர்ந்த தரையில் வைத்துவிடுவேன். வாரம் ஒருநாள் கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் அதையே போட்டு ஏறுகிறேன். காலும் பழகுகிறது, ஷூவில் ஏதாவது கோளாறு தொடங்கினால் இங்கேயே தெரிந்துவிடுகிறது. 4,000 மீட்டர் உயரத்தில் அடிப்பாகம் கழன்றால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மழைக்கோட்டுக்கும் இதே கதைதான். உள்பக்கத்தில் தண்ணீரைத் தடுக்கும் பூச்சு வெக்கையில் பிசுபிசுத்து, அப்புறம் செதில் செதிலாக உரியும். என் முதல் கோட்டு தோள்பட்டையில்தான் முதலில் உரிந்தது, பையின் பட்டை உரசும் இடம் அது. இப்போது பீரோவில் மடித்து வைக்காமல் ஹேங்கரில் தொங்கவிடுகிறேன். இரண்டாவது கோட்டு நன்றாகவே இருக்கிறது. பையையும் சேர்த்து மூடும் மலிவான போஞ்சோ மழைக்கு நல்லதுதான், ஆனால் கணவாய்க் காற்றில் அது நிற்காது. இரண்டையும் எடுத்துப் போவதே என் வழக்கம்.

ஸ்லீப்பிங் பேக், கூடாரம் இரண்டையும் சொந்தமாக வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஹிமாச்சலின் மலையூரான மணாலியில் வாடகைக்குக் கிடைக்கின்றன. சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஸ்லீப்பிங் பேக்கை அந்தச் சின்ன உறையில் அமுக்கி வைக்காதீர்கள், உள்ளிருக்கும் இழைகள் படிந்துபோய்ச் சூட்டைப் பிடித்துவைக்கும் தன்மை போய்விடும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வைத்தால் போதும். வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் உறையில் போட்டிருக்கும் வெப்பநிலைகளில் ‘கம்ஃபர்ட்’ என்பதைப் பாருங்கள். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. மதுரையில் 40 டிகிரியில் பழகிய உடம்புக்கு அது போதாது.

சாமானைவிட எனக்கு அதிக வேலை வைப்பது தேதி. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசி முதல் மே முடிய. கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும், அப்போதுதான் எல்லோருக்கும் மலை ஞாபகம் வரும். ஆனால் அங்கே உயரமான கணவாய்கள் மே மாதத்தில் பனிக்கு அடியில் இருக்கும். மணாலிக்கு மேலே இருக்கும் ஹம்ப்டா கணவாய் சுமார் 4,270 மீட்டர். வழக்கமாக ஜூன் பாதிக்கு மேல்தான் அங்கே நடக்க ஏதுவாகும். நம் ஊரில் பள்ளிக்கூடம் திறக்கும்போதுதான் அங்கே கோடையே தொடங்குகிறது. பிள்ளைகளோடு மே மாதம்தான் முடியும் என்றால், தர்மசாலாவுக்கு மேலே 2,850 மீட்டரில் இருக்கும் திரியுண்ட் மாதிரி உயரம் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கணவாய்தான் வேண்டும் என்றால் ஜூன் கடைசிக்கு லீவு சொல்லிவிடுங்கள்.

மதுரையிலிருந்து டெல்லிக்குச் சம்பர்க் கிராந்தி, திருக்குறள் எக்ஸ்பிரஸ் இரண்டும் வாரத்தில் சில நாள்தான் ஓடுகின்றன. பயணமே ஏறக்குறைய இரண்டு நாள். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, அதனால் டிக்கெட் திறக்கும் காலையை நாள்காட்டியில் குறித்து வைப்பேன். திரும்பும் டிக்கெட்டை நடை முடிந்த மறுநாளே போடுவதில்லை. குறைந்தது இரண்டு நாள் சும்மா விடுகிறேன். 2023 ஜூலை மழையில் ஹிமாச்சலில் சாலைகள் அறுந்து, சந்திரதால் ஏரிப்பக்கம் சுமார் 300 பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். 2024 ஜூனில் உத்தரகாண்டின் சகஸ்ரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகாவிலிருந்து போனவர்களில் 9 பேர் இறந்துபோனார்கள். ஜூன் மாதம்தானே என்று நினைக்க முடியாது. கையில் உபரி நாள் இருந்தால்தான் வழிகாட்டி “இன்னிக்கு வேண்டாம்” என்று சொல்லும்போது மனம் ஒப்பும். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் கணவாயைக் கடக்கக் கூடாது.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹம்ப்டா உயரத்தில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தின இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு. மணாலி சுமார் 2,000 மீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கிய மறுநாளே நடக்கக் கிளம்பாமல் அங்கே இரண்டு இரவு தங்குகிறேன். கொடைக்கானலில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தால் உடம்பு பழகிவிடாதா என்று கேட்பார்கள். கொடைக்கானல் 2,133 மீட்டர், அங்கே கிடைக்கும் பழக்கமும் கீழே இறங்கிச் சில வாரங்களில் போய்விடும். மழைக்கோட்டையும் ஷூவையும் மழையில் சோதித்துப் பார்க்க அது நல்ல இடம், அவ்வளவுதான். உயரத்தால் வரும் மலைநோயைத் தடுக்க உதவும் டயாமாக்ஸ் எனப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைவலியோடு நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரமல்ல அது.

ஓடைகளும் நேரம் பார்த்துத்தான் வழிவிடும். வெயில் ஏறப் பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடும். கணவாயைத் தாண்டியதும் வரும் ஷியாகோரு முகாமில் சாயங்காலம் இரைச்சலோடு ஓடிய ஓடை, விடிந்ததும் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் அப்படிச் சில்லிடும், நடுவில் வந்ததும் பாதத்தில் உணர்வே இருக்காது. குதிகாலில் பட்டை வைத்த செருப்பு அங்கே ஷூவைவிட முக்கியம். ரப்பர் செருப்பை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும்.

மதுரைக்காரனுக்கு வெயில் புதிதா என்று கண்ணாடியை விட்டுவிட்டு வருகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். புதுப் பனி அதைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும். பக்கவாட்டையும் மூடும் கருப்புக் கண்ணாடி கட்டாயம். பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், வியர்வையில் நனைந்தால் மலையில் காயாது. பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-ஹவர். விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை கைப்பையில் விடுவார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இரவில் அதைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டில் பருப்புப்பொடியை மிஞ்ச எதுவும் இல்லை. உயரத்தில் பசி மந்தமாகிவிடும், சப்பாத்தியைப் பார்த்தாலே வேண்டாம் என்று இருக்கும். சூடான சோற்றில் பொடியும் கொஞ்சம் நெய்யும் போட்டால் எப்படியோ இறங்கிவிடுகிறது. நடக்கும்போது கடலைமிட்டாய். பொடியை இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள், உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒட்டிய பாக்கெட்டுகள் உப்பும், சில வெடிக்கும்.

என் ஷூவின் அடிப்பாகத்தில் குதிகால் பக்கம் இப்போது பற்கள் தேய்ந்துவிட்டன. அடுத்த ஜோடியைச் சாயங்காலத்தில், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கும் சாக்ஸைப் போட்டுப் பார்த்து, இறக்கத்தில் விரல் முட்டாத அளவில் வாங்க வேண்டும். பெட்டியில் தயாரித்த மாதம் போட்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும், கடை கிட்டங்கியிலும் அந்தப் பாலியூரித்தேன் அடுக்கு சிதையத்தான் செய்யும். மாசியிலேயே வாங்கிவிட்டால் சித்திரைத் திருவிழாவுக்குள் சமணர் மலைப் படியில் காலுக்குப் பழகிவிடும்.