வீட்டில் இருபக்கக் கார்டு அச்சிட எந்த மென்பொருள்?

இருபக்கக் கார்டின் முன்பக்கத்தை எந்த மென்பொருளிலும் அழகாகச் செய்துவிடலாம். சோதனை பின்பக்கத்தில்தான். பின்பக்கத் தாளை அடுக்க எது கைகொடுக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

63 × 88 மி.மீ. கார்டு ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கொள்ளும். நடுவே 4 மி.மீ. இடைவெளி விட்டாலும் பக்கவாட்டில் 6.5, மேலும் கீழும் 12.5 மி.மீ. மிஞ்சும். அந்த இடைவெளியில் பின்னணி வண்ணத்தை ஒவ்வொரு கார்டின் ஓரத்தையும் தாண்டி 2 மி.மீ. நீட்டிவிடுங்கள். கத்தி கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. தாளை நீள ஓரமாகப் புரட்டும்போது இடமும் வலமும் மாறும் என்பதால், முன்பக்கத்தில் 1, 2, 3 என்று இருக்கும் வரிசை பின்பக்கத்தில் 3, 2, 1 என்று வர வேண்டும்.

இணையத்தில் இயங்கும் வடிவமைப்புக் கருவியான கேன்வா ஒற்றைக் கார்டு வடிவமைக்க எளிது, அவ்வளவுதான். ஏ4இல் அடுக்க வேறு வழி தேட வேண்டும். பிடிஎஃப் ரீடரில் ஒரே தாளில் பல பக்கம் அச்சிடும் வசதியை நம்பினால் கார்டின் அளவு மாறிவிடும்.

முப்பது நாற்பது கார்டு வரை, படம் வரையும் இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் போதும். 1.2 பதிப்பிலிருந்து ஒரே கோப்பில் பல பக்கம் வைக்கலாம், தமிழும் உடையாது. பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்தை வடிவமாக மாற்றும் தேர்வைப் போட்டுவிட்டால் எந்தக் கணினியிலும் எழுத்துரு சிக்கல் வராது.

அதற்கு மேல், பக்கங்களை வடிவமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ்தான். அதில் இயங்கும் ஸ்கிரைபஸ் ஜெனரேட்டர் என்ற துணை நிரல், சிஎஸ்வி (அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும்) கோப்பிலிருந்து சொற்களை எடுத்து நிரப்பும். சிஎஸ்வியின் ஒரு வரியில் ஒரு முழுத் தாளுக்கான ஒன்பது கார்டுகளையும் வையுங்கள். டெம்ப்ளேட்டின், அதாவது சொற்கள் நிரம்பும் மாதிரிக் கோப்பின், இரண்டாம் பக்கத்தில் பெட்டிகளை ஒரே முறை இடவலம் மாற்றி அடுக்கினால், எத்தனை தாள் போட்டாலும் வரிசை குழம்பாது. பழைய 1.4 பதிப்பைத் தொடாதீர்கள், அதில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 1.6இல் தமிழ் சரியாக வருகிறது.

அச்சிடும்போது அளவு 100 சதவீதமாகவே இருக்கட்டும். ‘பொருத்து’ என்ற தேர்வு கார்டைச் சுருக்கிவிடும். தாள் உள்ளே இழுபடும்போது நகர்வதால் இரு பக்கமும் ஒரு மி.மீ. அளவு விலகுவது சகஜம். இரு பக்கமும் ஒரு கூட்டல் குறி அச்சிட்டு வெளிச்சத்தில் பிடித்து அளந்து, பின்பக்கம் முழுவதையும் அந்த அளவு எதிர்த்திசையில் நகர்த்துங்கள். பிறகும் சிறு விலகல் மிஞ்சும். அதனால் பின்பக்கத்தில் ஓரத்தை ஒட்டிய கட்டம் வேண்டாம், அது விலகலை உடனே காட்டிக்கொடுக்கும்.

தாள் வாங்கும்போது இரு பக்கமும் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். ஒருபக்கப் பூச்சு போட்டோ தாளின் பின்புறத்தில் இங்க் ஊறிப் பரவும். தடித்த அட்டை, பிரிண்டரே தாளைப் புரட்டி அச்சிடும் தானியங்கி டூப்ளெக்ஸில் சிக்கும் என்பதால் கையால் புரட்டிப் போடுங்கள், முன்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு. வெட்டுவது எப்போதும் முன்பக்கத்தில் அச்சிட்ட வெட்டுக் குறிகளைப் பார்த்துத்தான்.