பீரோவில் ஒரு பழைய போன்

திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். சரக்கு எடுத்துவிட்டுப் பணம் தராத ஒரு வியாபாரி மீது 2021இல் வழக்குப் போட்டேன். ஆர்டர், விலை, 'அடுத்த வாரம் போட்டுடறேன்' எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றுகூடக் கிடையாது.

முதலில் பார்த்த வக்கீல் ஸ்கிரீன்ஷாட்டுகளை கலர் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். பிரௌசிங் சென்டரில் நாற்பது பக்கம் எடுத்தேன். கூண்டில் ஏறி அவற்றைச் சான்றாவணங்களாகக் குறியீடு செய்யப் போனபோது, "65பி சான்றிதழ் எங்கே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மின்னணுப் பதிவின் நகல் எப்படி, எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் சான்றிதழ் அது; அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்பது. எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வாய்தா.

அப்புறம் மாற்றிய வக்கீல் மேடம்தான் இன்றுவரை. முதல் நாளே, "அண்ணா, அந்த போன் இருக்குதுங்களா? ரீசெட் பண்ணிடாதீங்க, எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடாதீங்க" என்றார். நல்லவேளை, திரை உடைந்து வீட்டில்தான் கிடந்தது. நகல் என்றால் சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கில் சொன்னதை, 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதி செய்திருக்கிறதாம். போனின் சொந்தக்காரரே அசல் போனைக் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. விசாரணை முடிவதற்குள் நீதிமன்றம் அனுமதித்தால் சான்றிதழைப் பிறகும் தரலாம். எங்களைக் காப்பாற்றியது இந்தக் கடைசி விஷயம்தான்.

பிரிண்டுகளை என் கண்ணெதிரே தன் ஆபீஸிலேயே புதிதாக எடுத்தார். சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். எரிச்சலாக இருந்தது. குறுக்கு விசாரணையில் அதையேதான் கேட்டார்கள்: யார் எடுத்தது, எந்த மெஷினில், போன் யார் கையில் இருந்தது?

குறையும் உண்டு. மேடம் போனை எடுப்பது அபூர்வம். ஜூனியர் போனின் ஐஎம்இஐ எண்ணில் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) ஓர் இலக்கத்தை மாற்றி அடித்ததில் இரண்டு வாய்தா போயிற்று. குடோனில் சரக்கு ஏற்றிய சிசிடிவி காட்சி நான் தேடுவதற்குள் மேலெழுதப்பட்டு அழிந்துவிட்டது. அது என் தப்பு, சரி. ஆனால் ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. அப்போதே நடந்துகொண்டிருந்ததால் என் வழக்குக்குப் பழைய சட்டம்தான். போன வருடம் போட்ட இன்னொரு வழக்குக்குப் புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. சான்றிதழ் இரண்டு பகுதி: ஒன்றில் நான் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். ஃபைலின் ஹாஷ் எண்ணையும் குறிப்பிட வேண்டும்; ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரியான எண் அது. ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். நிபுணருக்குத் தனிச் செலவு, முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய வழக்கில் தீர்ப்பு எனக்குச் சாதகம். எதிராளி அப்பீல் போயிருக்கிறார். அதனால் போன் இன்னும் பீரோவில் இருக்கிறது, அமாவாசைக்கு அமாவாசை சார்ஜ் போடுகிறேன். இப்போது பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. மாற்றலாமா என்று மேடத்துக்கு மெசேஜ் போட்டேன். 'கடைக்குப் போயிடாதீங்க, போனோட நேர்ல வாங்க' என்று பதில் வந்திருக்கிறது.