ஃபிரேமுக்குள் இருக்கும் விக்டோரியா மூடியை அப்படியே நம்பி வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து, படம் அச்சிட்ட பீங்கான் ஜாடி மூடிகளைச் சேகரிக்கும் நம்மவர்கள் சிலர் இருக்கிறீர்கள். ஃபிரேம் போட்ட மூடியைப் போட்டோவில் மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் வாங்கியது பெக்வெல் பே மூடி. இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கடற்கரை ஊரான பெக்வெல் பேயிலிருந்து இறால் பேஸ்ட் இப்படிப்பட்ட ஜாடிகளில்தான் விற்பனைக்குப் போனது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் தன் இணையக் கடையில் 130 பவுண்டு விலை போட்டிருந்தார். “1850களில் ஃபென்டன் ஊர் பிராட் தொழிற்சாலையில் செய்தது, எந்தக் குறையும் இல்லை” என்று விவரம். மரத்தில் வட்ட ஃபிரேம், உள்ளே கருப்பு வெல்வெட். பார்க்க அவ்வளவு அழகு.

வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மூடி முழுக்க, பழைய மெருகில் (பீங்கான்மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சில்) வரும் மெல்லிய வெடிப்புக் கோடுகள் வலை போல ஓடின. மூடியில் இருந்த படத்தில் ஒரு பாய்மரத்துக்கு வலப்பக்கம், வானத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் அந்தக் கோடுகள் சட்டென்று நின்றுவிட்டன. அந்த இடத்தில் நகத்தை வைத்தால் பீங்கானின் வழுக்கல் இல்லை, பிளாஸ்டிக் மாதிரி மந்தமாக இருந்தது. புற ஊதா ஒளி (யு.வி.) டார்ச் அடித்ததும் அந்தத் திட்டு மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது. ஃபிரேமைக் கழற்றினேன். விளிம்பில் கால்வாசி பீங்கானே இல்லை. ஏதோ பசையால் நிரப்பி, வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். அதை மறைக்கத்தான் அந்த வெல்வெட்.

இது ஏன் உறுதியான சாட்சி என்றால், அந்த மூடிகளைச் செய்த விதம் அப்படி. ஜெஸ்ஸி ஆஸ்டின் போன்ற செதுக்குக் கலைஞர்கள் நிறத்துக்கு ஒன்றாகச் செப்புத் தகடு செதுக்கினார்கள். மெல்லிய தாளில் அச்செடுத்து, ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறமாகப் பீங்கானில் ஒற்றி, கடைசியில்தான் மெருகு பூசிச் சுட்டார்கள். ஆக, படம் மெருகுக்கு அடியில் இருக்கிறது. மெருகுக்கு மேலே நிறம் இருந்தால் அது பின்னால் யாரோ கை வைத்தது. நிறங்களைப் பொருத்த வைத்த சின்னப் புள்ளிகளைக்கூடப் பல மூடிகளில் படத்தின் ஓரத்தில் பார்க்கலாம். ஆனால் அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய தகடுகளைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டிலும் மூடிகள் அச்சடித்திருக்கிறார்கள்.

பழுதுபார்த்த மூடி கேவலம் என்று நான் சொல்லவில்லை. விளிம்பு உடைந்த மூடிகள் என்னிடமே இருக்கின்றன, ஆசையாகத்தான் வைத்திருக்கிறேன். உடைந்ததை மறைத்து முழு மூடியின் விலையை வாங்குவதுதான் மோசடி.

வியாபாரியின் முதல் பதில்: “பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும்.” அப்புறம், “ஃபிரேமைக் கழற்றிவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க மாட்டேன்.” அதற்கப்புறம் பதிலே இல்லை.

இங்கே பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஆனால் கையாண்டதால் மதிப்பு குறைந்தது என்று பணத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அதனால் “விவரித்தபடி பொருள் இல்லை” என்பதையே முன்வையுங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பொருளை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. எனக்குப் பணம் கிடைத்தது அந்த வழியில்தான். பெயின்ட்டைக் கரைக்கும் அசிட்டோன் போட்டுத் துடைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். போட்டோ எடுங்கள், போதும்.

கருப்பு வெள்ளைப் பற்பசை மூடிகளிலும் இதே கவனம் வேண்டும். நம் ஊர்ப் பாக்கின் பெயர் போட்ட ‘அரேகா நட்’ மூடியைக் கண்டால் நமக்கு ஆசை வரத்தான் செய்யும். அந்த வகையில் போலிகள் உண்டு. எழுத்தின் ஓரத்தை விரலால் தடவி, மேடு தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் எழுத்து மெருகுக்கு மேலே இருக்கிறது என்று பொருள்.

மூடியை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அது இப்போது அதே ஃபிரேமில், “எந்தக் குறையும் இல்லை” என்ற அதே வரியோடு மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. பெக்வெல் பே மூடி கண்ணில் பட்டால் பாய்மரத்துக்கு வலப்பக்க வானத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிரேம் இல்லாமல் முன்னும் பின்னும் போட்டோ கேளுங்கள். படத்திலோ விளிம்பிலோ பழுதுபார்த்திருக்கிறதா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் கார்டை எடுக்காதீர்கள்.